இதர செலவுகள்

எங்கள் ஊரின் பெயருக்குப் படகு என்று அர்த்தம்.
வூட்ச்.
புதிதாக வருகிறவர்கள் தண்ணீரைத் தேடி
டிராமின் கடைசி நிறுத்தம் வரை போய்
வெறுங்கையோடு திரும்புவார்கள்.

ஆறுகள் உண்டு.
பஞ்சாலைகளின் சாயத்தைக் குடித்துக் குடித்து
நாற்றம் தாங்காமல் போனபோது
குழாய்க்குள் தள்ளி
மேலே தெரு போட்டுவிட்டார்கள்.

நான் அதில் ஒன்றைத்தான் ஆராய்கிறேன்.
ஆராயப்போகிறேன் என்பதே சரி.
காலையில் ரொட்டிக் கடை,
மாலையில் விண்ணப்பம்.

நாற்பத்திரண்டு பக்கம்.
"மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகிறது?"
என்று தொடங்கியிருந்தேன்.
நெறியாளர் அதை அடித்துவிட்டு
"நீலப்பசுமை உட்கட்டமைப்பின் மீள்திறன்" என்றார்.
அப்படித்தான் பணம் வருமாம்.
ஆறு என்ற சொல் பதினேழு இடத்தில் இருந்தது,
நான்கு மிஞ்சியது.
தெருவுக்கடியில் புதைத்தது போதாதென்று
காகிதத்திலும் ஒருமுறை.

நீரோட்ட அளவி: அனுமதி.
மென்பொருள் உரிமம், மூன்று வருடத்துக்கு: அனுமதி.
ரப்பர் பூட்ஸ்: உடை என்பதால் அனுமதி இல்லை.
இதர செலவுகளில் போடலாமா என்று கேட்டேன்.
இதரம் என்றால் என்ன என்று
ஏழு பக்க விளக்கம் வந்தது.
அதில் பூட்ஸ் இல்லை.

வியெஸ்வாவ் குஷாவாவும் இல்லை.
கழிவுநீர்த் துறை. இரவுப் பணி முடிந்து
வீட்டுக்குப் போகும் வழியில்
இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு
"சீக்கிரம், பெண்ணே, சீக்கிரம்" என்பார்.
ஒருநாள் காசு நீட்டினேன்.
"முதுகுக்கு ரசீது எழுதத் தெரியாது" என்றார்.

தரைத்தளத்து ஹால்ஷ்காவும் இல்லை.
அவளுடைய நிலவறையில்
உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் ஒரு சுவர்,
மழை விட்டு இரண்டு மணி நேரத்தில்
வியர்க்கத் தொடங்கும்.
பிள்ளைகளின் உயரத்தைக் குறிப்பதுபோல்
ஈரம் ஏறிய உயரத்தைப்
பென்சிலால் கோடு போட்டு, தேதி போட்டு
வைத்திருக்கிறாள். பதினோரு வருடம்.
"எதுக்குக் குறித்தீர்கள்?"
"வீட்டுச் சொந்தக்காரன் பொய் சொல்கிறான் என்று காட்ட."
படிவத்தில் அதற்கு ஏற்ற பெட்டி இல்லாததால்
வாய்மொழித் தகவல் என்று டிக் செய்தேன்.
சுவருக்கு ஏது வாய்?
அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஜூனில் கடிதம் வந்தது.
மிகத் தரமானது. மிகப் பொருத்தமானது.
நிதி போதாமையால் காத்திருப்போர் பட்டியல், நான்காம் இடம்.
கடைக்குப் போய் மாவு பிசைந்தேன்.
உப்பு போட மறந்துவிட்டேன்.
அறுபது ரொட்டி.

அக்டோபரில் ஒரு போன்.
முதலிரண்டு பேருக்கு வேறெங்கோ கிடைத்துவிட்டது.
மூன்றாவது ஐரெனெயுஷ்,
டிராம் நிறுத்தங்களில் மர நிழலை அளந்துகொண்டிருந்தவன்,
ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டானாம்,
வெள்ளம் வந்தால் யாருக்கு எவ்வளவு தரக்கூடாது
என்று கணக்குப் போடும் வேலை.
அவனைத் திட்டினேன். அவனுக்கு நன்றியும் சொன்னேன்.
இரண்டும் மனசுக்குள்.
"ஆனால் மிச்சத் தொகை ஒன்பது மாதத்துக்குத்தான் வரும்.
சம்மதமா?"
முப்பத்தாறு கேட்டிருந்தேன்.
சரி என்று ஒரு குரல் கேட்டது.
என் குரல்தான்.

இப்போது வரைபடத்தை விரித்து வைத்து
ஆற்றை நறுக்கிக்கொண்டிருக்கிறேன்.
மருந்துக்கடை முனையிலிருந்து
ஹால்ஷ்காவின் சுவர் வரை, நானூறு மீட்டர்.
அதற்கு மேல் பணம் ஓடாது.
"மீதி ஆறு?" என்றார் வியெஸ்வாவ்.
"அடுத்த விண்ணப்பத்தில்."
அவர் மூடியை மெதுவாக இறக்கினார்.
இரும்பு கல்லில் உட்காரும் சத்தம்,
அதற்கும் கீழே இன்னொரு சத்தம்.

பூட்ஸ் வாங்கிவிட்டேன்.
தள்ளுபடியில் கிடைத்தது, ஒரு எண் பெரிசு.
இரண்டு ஜோடி காலுறை போட்டால்
போதும்.